புகை தெரியாத மில்

நிலக்கரி எங்களுக்குக் கடற்கரையில் கிடைக்கிற சாமான். வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல்களுக்கு ஏற்றும்போது சிந்திய கரி, துறைமுகத்து ஓரக் குடாக்களில் சேற்றோடு கிடந்தது. கடல் வற்றுகிற நேரத்தில் பெண்கள் நாங்கள் ஓலைக் கடகத்தோடு போய்ப் பொறுக்கி வருவோம். சண்டைக்காலத்தில் டீசல் கண்ணில் படவில்லை. மின்சாரம் அதற்கு முன்பே போய்விட்டது. எங்கள் சின்ன நெல் மில் பூட்டிக் கிடந்தது.

என் கணவருக்குக் கை சும்மா இருக்காது. இரண்டு இரும்புப் பீப்பாக்களை வெட்டி ஒட்டி, அதற்குள் கரியை அரைகுறைக் காற்றில் கனலவிட்டு, வருகிற வாயுவைக் குழாய் வழியே ஒரு பழைய கார் எஞ்சினுக்குக் கொடுத்தார். எஞ்சின் மில்லைச் சுற்றியது. அது கக்கும் சூட்டையும் அவர் வீணாக விடவில்லை. புகைக்குழாயை நெல் அவிக்கும் கிடாரத்தைச் சுற்றி ஓடவிட்டார். ஒரே நெருப்பில் நெல்லும் அவிந்தது, அரிசியும் வந்தது. குடாவுக்கு அக்கரையில் இருக்கும் மூதூரிலிருந்துகூடத் தோணியில் நெல் மூட்டை வந்தது.

பயமெல்லாம் புகைக்குத்தான். மேட்டில் ஆமிக்காரரின் காவலரண் இருந்தது. புகை கண்டால் வருவார்கள். எஞ்சினைக் கண்டால், யாருக்காக ஓட்டுகிறாய் என்று ஆளைக் கொண்டுபோவார்கள். அப்படிப் போனவர்கள் எங்கள் தெருவுக்குத் திரும்பியதில்லை. அதனால் அவர் குழாயின் மறுமுனையை மண்ணுக்குள் புதைத்து, சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் விட்டார். புகை அதற்குள் குமிழியிட்டு வெறும் ஆவியாக வெளியே வந்தது. தொட்டியின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்தது. அதை அள்ளிக் காட்டினார்.

"இஞ்ச பாரும், காத்தில போற கரியைப் பிடிச்சுக் கல்லாக்கிப்போட்டன்."

அந்த முகத்தில் அவ்வளவு பெருமையை நான் கல்யாணத்தன்றுகூடக் கண்டதில்லை.

மாரி வந்ததும் காற்று மாறி, எஞ்சின் சத்தம் மேட்டுப் பக்கம் போகத் தொடங்கியது. மில் கொட்டிலின் யன்னல்களுக்குச் சாக்கு அடித்தார். கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது தலை இடிக்கிறது என்பார். முற்றத்தில் கொஞ்சம் இருந்தால் சரியாகிவிடும். நித்திரை போதாது என்றார், நானும் நம்பினேன். யாருக்குத்தான் அப்போது நித்திரை இருந்தது?

ஒரு மழைப் பகலில் தேத்தண்ணி கொண்டுபோனேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கதிரையில் சாய்ந்திருந்தார். முகம் சிவந்து, வெயிலில் நின்று வந்த ஆளைப்போல இருந்தது. நித்திரை என்று நினைத்துத் தோளைத் தொட்டேன், தலை ஒரு பக்கம் சரிந்தது, மூச்சில்லை. பிறகு வெளியே இழுத்து, மழைக்குள் கிடத்தி, கத்தினேன்.

ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே புகையே இல்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆஸ்பத்திரி டாக்குத்தர்தான் விளங்கப்படுத்தினார்: எஞ்சின் குடிக்கிற அந்த வாயுவில் நிறமும் மணமும் இல்லாத நஞ்சு ஒன்று இருக்கிறது, கரி போட மூடியைத் திறக்கும்போதெல்லாம் கொட்டிலுக்குள் பரவும், சுண்ணாம்புத் தண்ணீருக்கும் அது பிடிபடாது. புகை தெரிந்தால் சாவு, தெரியாவிட்டால் தப்பினோம். சண்டை எங்களுக்குப் படிப்பித்தது அவ்வளவுதான். பாழாய்ப்போன படிப்பு.

என் கத்தல் கேட்டு மேட்டிலிருந்தும் வந்தார்கள். எஞ்சினைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். கொண்டுபோக ஆளில்லாமல் திரும்பிப் போனார்கள்.

இப்போது மகள் காஸ் அடுப்பு வாங்கித் தந்திருக்கிறாள். அது குசினி மூலையில் துணி போர்த்தபடி கிடக்கிறது. நான் விறகில்தான் சமைக்கிறேன். சுவரெல்லாம் கரி, கண்ணெல்லாம் தண்ணீர். இந்தப் புகைக்குள் எப்படித்தான் இருக்கிறீர்கள் என்று ஏசுவாள்.

"புகை வரட்டும் பிள்ளை," என்பேன். "அது வந்தா எழும்பி வெளியில ஓடலாம்."