கெருபோ வரைந்த புகை

கெருபோ பதினோரு வருஷம் மட்டாட்டு பஸ்களுக்குப் பெயிண்ட் அடித்தவள். நைரோபியில் வெறும் வண்டி ஓடினால் யார் ஏறுவார்? முகப்பில் சிங்கம் வேண்டும், பக்கவாட்டில் நெருப்பு வேண்டும், பின்னால் ஒரு சவடால் வாசகம் வேண்டும். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் ஏணியை விட்டாள். வக்கீல் ஒருவரிடம் காப்புரிமை மனுக்களுக்குப் படம் வரையச் சேர்ந்தாள். ஏணியை விட்டாளே தவிர, பழக்கத்தை விடவில்லை.

முதலில் வந்தது சியோம்புவாவின் அடுப்பு. காரியோபாங்கிப் பேட்டையில் சப்பாத்தி சுடும் அந்தப் பெண், புகை கண்ணில் படாமல் பின்குழாய் வழியே போகும்படி ஓர் அடுப்பைத் தானே செய்திருந்தாள். பக்கத்துப் பட்டறைக்காரன் தினமும் வந்து அதைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தான். அவன் காப்பியடிப்பதற்குள் மனு முந்த வேண்டும்.

கெருபோ அடுப்பைச் சிவப்பில் வரைந்தாள். சுற்றிலும் பூச்சட்டம். அடியில், ‘பொறாமைப்படாதே, பொழைப்பைப் பார்’. யார் என்ன சொன்னாலும் அந்தப் பூ அழகுதான்.

காப்புரிமை அலுவலர் பராசா திருப்பிக் கொடுத்தார்.

“ஏம்மா, இது மனுவா, கல்யாணப் பத்திரிகையா? கறுப்பு மை மட்டும். பூச்சட்டம், வாசகம் ஒண்ணும் கூடாது. உறுப்புக்கெல்லாம் எண் போடு. அந்த எண் வக்கீல் எழுதற விவரத்துலயும் இருக்கணும்.”

மறுமுறை எல்லாம் கறுப்பு. ஒன்று முதல் எட்டு வரை எண்கள் ஒழுங்காக நின்றன. ஆனால் குழாயிலிருந்து பஸ்ஸின் நெருப்பு மாதிரி புகை சுருண்டு சுருண்டு ஆடியது. அதற்கு ஒன்பது. விவரத்திலோ ஒன்பதே கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் மனு தள்ளுபடி என்றார் பராசா.

சியோம்புவா மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

“ஏண்டி, அடுப்பைப் பதியச் சொன்னா புகையைப் பதிஞ்சு வச்சிருக்கே. அழிச்சுத் தொலை.”

“அழிச்சா இது வெறும் தகரப்பெட்டி, அக்கா. புகை போற வழிதானே நீ கண்டுபிடிச்சது?”

சியோம்புவா படத்தை உற்றுப் பார்த்தாள்.

“அப்போ இருக்கட்டும். ஆனா சுருள் எதுக்கு? என் அடுப்புல புகை கூத்தாடாது. நேரா போகும்.”

கெருபோ பேனாவைத் திறந்தாள். சுருளை எடுத்துவிட்டு அடுப்பிலிருந்து குழாய்க்குள் அதே ஒன்பதோடு ஓர் அம்பு வரைந்தாள். புகைப்பாதை விவரத்தில் முன்பே இருந்தது. வக்கீல் அதன் பக்கத்தில் ஒன்பதைச் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை பராசா ஸ்கேல் வைத்து ஓரங்களை அளந்தார்.

“வாசகம் இல்ல, பூ இல்ல. உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்றபடி முத்திரையைக் குத்தினார்.

சியோம்புவா படத்தை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“என் அடுப்புதான். கொஞ்சம் இளைச்சுப் போச்சு.”