வெயில் படாத சந்தில் அக்காவின் வல்லாரை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அக்கா அரைத்த வல்லாரைத் துவையலின் ருசி தெரியும். அது விளைந்த பின்வாசல் சந்தைப் பார்த்தவர்கள் குறைவு. அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவருடைய ஒரே தம்பியாகிய நான் அந்தச் சந்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அக்கா போச்சம்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார். அப்பா தவறியபோது அவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தார். மேலே படிக்காமல் ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். என் படிப்பு முடியட்டும் என்று வந்த வரன்களைத் தள்ளிப்போட்டார். பிறகு வரன்கள் வருவதே நின்றுவிட்டது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் குடியிருந்த கீழ்த்தள வீட்டைச் சுற்றிலும் மூன்று மாடிக் கட்டிடங்கள். பின்வாசல் சந்தில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. வைத்த துளசியும் ரோஜாவும் வெளிறிச் செத்தன. கடைசியில் ஊர் வாய்க்கால் ஓரத்திலிருந்து வல்லாரைக் கொடியைப் பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்து நட்டார். அதற்கு நிழலும் ஈரமும் போதும். கொடி ஓடும் திசையில் மண்ணைக் கொத்தி, மக்கிய சாணம் தூவி, கணுவின் மேல் ஒரு கூழாங்கல்லை வைப்பார். கணு மண்ணைத் தொட்டால்தான் வேர் விடும். வேர் பிடித்ததும் கல்லை எடுத்து அடுத்த கணுவுக்கு நகர்த்துவார். அரிசி கழுவிய தண்ணீர் முழுக்க அங்கேதான் போகும். இரண்டு மழைக்காலத்தில் சந்து பச்சையாகிவிட்டது.

அப்போது அக்காவுக்குக் கன்னடம் அரைகுறை. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா ஒரு நாள் வந்து, “அக்கா, ஒந்தெலகா கொடி” என்றார். ஒந்து என்றால் ஒன்று, எலெ என்றால் இலை என்று கம்பெனி பஸ்ஸில் கற்றிருந்த அக்கா, ஒரு துண்டுக் கொடியைக் கிள்ளி, அதில் ஒற்றை இலையை மட்டும் விட்டு, மரியாதையாக நீட்டினார். அந்த அம்மா தன் கையையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். ஒந்தெலகா என்பது வல்லாரைக்கே கன்னடப் பெயர். கொடி என்றால் கொடுங்கள். விஷயம் தெரிந்ததும் அக்கா ஒரு முறம் நிறையப் பறித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே ஓடினார். என்னிடம் சொல்லும்போது, “மூளைக்கு நல்லதுன்னு தினம் தின்னறேன்டா, எனக்கே வேல செய்யல பாரு” என்றார்.

நோய் முற்றியபோது பெங்களூரில் என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஆறாவது மாடி, பால்கனி முழுக்க வெயில். மூன்றாம் நாளே கேட்டார்.

“தம்பி, என்ன ஒருக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. எல்லாம் காஞ்சிருக்கும்.”

“அங்க மழ பேயுதுக்கா. அது சாவாது. அடுத்த வாரம் போலாம்.”

“பாத்துட்டு உடனே வந்துடலாம்டா.”

ஓசூர் ஒன்றும் தூரதேசம் இல்லை. ஆபீஸ், டிராபிக் என்று அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கேட்பதை நிறுத்தியபோது, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை அக்கா போய்விட்டார்.

மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்த அக்காவின் கம்பெனித் தோழிகளுக்கும், இறுதிப் பயணத்துக்கு வேண்டியதெல்லாம் முன்னின்று செய்த சித்தப்பாவுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பிய ஊராருக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இத்தோடு முடித்துவிடத்தான் நினைத்தேன். ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் ஓசூர் வீட்டைத் திறந்து பின்கதவைத் தள்ளினேன். எதுவும் காயவில்லை. அக்கா தினமும் குடத்தோடு நடந்து நடந்து, அவர் பாதம் படும் ஒரு சாண் அகலம் மட்டும் எப்போதும் வெறும் மண்ணாகவே கிடக்கும். அங்கே வல்லாரை படர்ந்ததே இல்லை. இப்போது அந்த இடத்தையும் மூடியிருந்தது.

ஒரே ஒரு முறை கூட்டி வந்திருக்கலாம். கால் வைக்க மனம் வராமல் வாசற்படியிலேயே நின்றேன்.