லுஹருக்குப் பிறகு சத்தம் வரவில்லை

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையில் இருக்கும் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் பதினாறு கம்ப்யூட்டர்களையும் இரண்டு சர்வர்களையும் கட்டி மேய்ப்பவன் தமீம். காயல்பட்டினத்திலிருந்து தினமும் காலை ஏழரை பஸ்ஸில் வருவான். நாற்பத்தொரு வயது, லேசான தொந்தி. ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால் சுள்ளென்று எரிச்சல் வந்துவிடும். அவனுடைய சர்வரில் எதையும் கையால் தொடங்கி வைக்கிற பேச்சே கிடையாது. கரண்ட் போய் வந்தால், இயந்திரம் கண் விழிக்கும்போதே எல்லா புரோகிராமும் தானாக எழுந்து வேலையைப் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒவ்வொன்றையும் சர்வீஸாக எழுதி வைத்திருந்தான். "நான் இங்கன இருந்தாத்தான் ஓடும்னா, அது என்னலே சர்வரு?" என்று கூட வேலை பார்க்கும் பாண்டியராஜிடம் கேட்பான். இதில் அவனுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அப்பேர்ப்பட்டவன் தன் தெருப் பள்ளிவாசலில் வைத்த பெட்டியை மட்டும் ஐந்து வருஷம் கையால்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அது உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர். இமாம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவர் அலமாரியில் இருக்கும். அதோடு ஒரு சின்ன மைக். பள்ளியில் கேட்கும் பாங்கு, பயான் என்னும் மார்க்கப் பேச்சு, தொழுகை எல்லாவற்றையும் அது இன்டர்நெட் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பும். எல்லாவற்றையும்விட, இறந்தவரை அடக்கும் முன் தொழும் ஜனாஸா தொழுகைக்காகத்தான் அதை வைத்தார்கள். ஊரில் ஒரு மவுத் விழுந்தால் அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். துபாயிலும் ஷார்ஜாவிலும் இருக்கிற பிள்ளைகள் டிக்கெட் போட்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பெற்றவர்களுக்காகத் தொழும் சத்தத்தையாவது அவர்கள் கேட்கட்டும் என்றுதான் தமீம் சொந்தச் செலவில் அந்தப் பெட்டியை வைத்தான்.

கரண்ட் போய் வந்தால் பெட்டி எழுந்துவிடும். ஆனால் சத்தத்தை அனுப்பும் புரோகிராம் எழாது. அதற்குத் தமீம் ஒரு வரி அடிக்க வேண்டும். சத்தம் நின்ற உடனே அபுதாபியிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள், "காக்கா, சத்தம் வரலியே." தமீம் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு ஸ்கூட்டரில் ஓடுவான். அலுவலகத்தில் செய்வதை இங்கே செய்யப் பத்து நிமிஷம் போதும். ஏன் செய்யவில்லை? உண்மையைச் சொல்வதென்றால், அந்த போன் வருவது அவனுக்குப் பிடித்திருந்தது. ஊர் முழுக்கத் தன்னைத் தேடுவது யாருக்குத்தான் கசக்கும்?

அவனுடைய சொந்தக் காக்கா, அதாவது அண்ணன், நூஹு ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட் குடோனில் சூப்பர்வைசர். போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. வாப்பா இறந்தபோது அவனால் வர முடியவில்லை. அப்போது பெட்டியும் இல்லை. உம்மா சக்கீனாவுக்கு இந்த வருஷம் கிட்னி பழுதாகிப் படுக்கையில் விழுந்ததும் லீவு போட்டு வந்தான். ஒரு மாதம் கூடவே இருந்து கால் பிடித்துவிட்டான். லீவு தீர்ந்து புறப்படும் அன்று தமீமை வாசலுக்குக் கூட்டிப் போனான்.

"தமீமு, உம்மாவுக்கு ஒண்ணுன்னா நான் வந்து சேர மாட்டேன். அது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பெட்டிதான் எனக்கு."

"அது ஓடும் காக்கா. நான் இருக்கேன்லா."

"நீ இருக்கியேன்னுதான் பயமா இருக்கு. அன்னைக்கு நீ பெட்டிக்கிட்டயா நிப்பே? சந்தூக்கத் தூக்குவியா, வயரப் புடிப்பியா? ஒன் ஆபீஸ்ல மாதிரி தானா ஓட வையிடா. போன்ல கேட்டு இமாமைப் பின்பத்தித் தொழுதா செல்லாதுன்னு தெரியும். அந்த 'அல்லாஹு அக்பர்' தக்பீர் காதுல விழுந்தா போதும் எனக்கு."

அந்த வார்த்தை தமீமைத் தைத்தது. வெள்ளிக்கிழமை மாலையே பள்ளிக்குப் போய் சர்வீஸை எழுதினான். இதில் இரண்டு கட்டளைகள் உண்டு. 'ஸ்டார்ட்' என்றால் இப்போது ஓடு என்று அர்த்தம். 'எனேபிள்' என்றால், இனி எப்போது அணைந்து எழுந்தாலும் நீயே ஓடு என்று அர்த்தம். ஒன்றைக் கொடுத்தால் மற்றது தானாக வராது. தமீம் முதலாவதைக் கொடுத்தான். சத்தம் போனது. அடுத்ததைக் கொடுப்பதற்குள் வாசலில் இறந்தவர் உடலோடு ஒரு சந்தூக்கு வந்து நின்றது. அடுத்த தெருப் பெரியவர் ஒருவருடைய ஜனாஸா. அவருடைய மூன்று மகன்களும் குவைத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமீம் கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தொழுகைக்கு ஓடினான். முடிந்ததும் பெட்டியை ஒருதரம் அணைத்துப் பார்த்திருக்கலாம். துஆ கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் காதில் சத்தத்தை வெட்ட மனம் வரவில்லை. பன்னிரண்டு நாள் கரண்ட் போகாததால் தடங்கலில்லாமல் ஓடியது. வேலை முடிந்துவிட்டதென்றே அவன் நினைத்தான். காக்காவிடமும் அப்படியே சொன்னான்.

பதின்மூன்றாம் நாள் விடியற்காலை, சுபுஹுத் தொழுகை நேரத்தில் உம்மா போய்விட்டார்கள்.

தமீம் முதலில் நூஹுவைத்தான் கூப்பிட்டான். இரண்டு பேரும் அழுதார்கள். "ஹானி சென்னைல இருந்து காலை ஃபிளைட்ல வாரா. நேரத்துக்கு வந்துட்டா மத்தியானம் லுஹருக்கே தொழுது அடக்கிருவோம். பிந்திட்டா சாயங்காலம் அஸருக்குத் தள்ளிருவோம்" என்றான் தமீம். ஹானி அவர்களுடைய ஒரே தங்கை.

"பெட்டி?"

"ஓடுது காக்கா. இப்பத்தான் பாத்தேன்."

பார்க்கத்தான் செய்தான். பாங்குச் சத்தம் அவனுடைய போனில் தெளிவாகக் கேட்டது.

ஹானி பதினொன்றரைக்கே வந்து உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். லுஹர் தொழுது முடித்ததும் சந்தூக்கை முன்னால் வைத்தார்கள். தமீம் போனைச் சைலன்டில் போட்டு முதல் வரிசையில் நின்றான். இமாம் முன்னே வந்தபோது மின்விசிறிகள் ஒரு நொடி தயங்கி மறுபடி சுற்றின. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்திருக்கிறது என்று தமீமுக்குத் தெரிந்தது. பெட்டிக்கு இன்வெர்ட்டர் லைன் கிடையாது என்பதும் தெரியும். ஆனாலும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்ட் வந்ததும் தானாக எழுந்துகொள்ளும், அதற்குத்தானே எழுதி வைத்தோம் என்று நிம்மதியாகக் கைகட்டினான். அந்த நிம்மதிதான் அவனைக் கெடுத்தது.

நான்கு தக்பீர். அவ்வளவுதான் ஜனாஸா தொழுகை, ஐந்து நிமிஷம்கூட ஆகாது. இரண்டாவது தக்பீருக்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது.

உம்மாவைத் தோளில் சுமந்து மையவாடிக்குக் கொண்டு போனார்கள். குழிக்குள் இறங்கி வாங்கி வைத்ததே தமீம்தான். மூன்று பிடி மண் போட்டான். நூஹுவுக்குப் பதிலாகவும் மூன்று பிடி போட்டான். யாரும் ஷார்ஜாவுக்குச் செய்தி சொல்லவில்லை. ஏன் சொல்வார்கள்? அவன்தான் கேட்டுக்கொண்டிருக்கிறானே என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

கையைக் கழுவிவிட்டு போனை எடுத்தால் பதினேழு மிஸ்டு கால். எல்லாம் நூஹு.  திரும்பக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. பெட்டியைப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று மண் ஒட்டிய காலோடு பள்ளிக்கு ஓடினான்.

பள்ளியில் ஆளில்லை. அலமாரியைத் திறந்தான். பெட்டியில் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரை இணைத்து, சர்வீஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டான். ஓடவில்லை என்று சொன்னது. தானாக ஓட உத்தரவு இல்லை என்றும் பக்கத்திலேயே காட்டியது. ஒரு வார்த்தை. பன்னிரண்டு நாளாகப் போடாமல் விட்ட ஒரே ஒரு வார்த்தை. அலுவலகத்தில் ஒரு புதுப் பையன் இதைச் செய்திருந்தால் தமீம் அவனைக் கிழித்துத் தொங்க விட்டிருப்பான். இரண்டு கட்டளைகளையும் அடித்தான். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது.

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது.

"அல்ஹம்துலில்லாஹ், வந்துட்டுடா! ஃபேன் சத்தம் கேக்குது!" நூஹு மூச்சு வாங்கினான். "லுஹர் தொழுகை வரைக்கும் கேட்டுச்சு, ஜனாஸான்னு ஒரு சொல் வரல, அப்புறம் சத்தமே இல்ல. ஒனக்கு எத்தனை போன் போட்டேன் தெரியுமா? வீட்டுலயும் யாரும் எடுக்கல. சரி, நீ என்ன செய்வே, ஓட்டத்துல இருப்பே. ஹானி ஃபிளைட் பிந்திட்டாக்கும்? அஸருக்குத் தள்ளியாச்சு, அதானே? லுஹர்ல இருந்து கை கால் கழுவி ஒளூவோட நிக்கேன் தம்பி. ரூம்ல எல்லாரையும் வெளிய அனுப்பிட்டேன். உம்மாவக் கொண்டாந்தாச்சா? முன்னால வச்சாச்சா?"

தமீம் மைக்குக்குக் கீழே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான்.  

"உம்மாவ அடக்கிட்டு வந்துட்டோம் காக்கா."

 பள்ளியின் சத்தம் ஷார்ஜாவுக்குப் போய்ச் சேரப் பத்து நொடி பிடிக்கும். நூஹு ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்திருந்தான் போலிருக்கிறது. பத்தாவது நொடியில் அந்த அறையிலிருந்து தமீமின் குரலே போன் வழியாகத் திரும்பி வந்து தமீமிடம் சொன்னது, "உம்மாவ அடக்கிட்டு வந்துட்டோம் காக்கா."

அதற்குப் பிறகுதான் நூஹு அழத் தொடங்கினான்.