ஆற்றோரப் பாதையில் சொன்ன பொய்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருடம் எனக்குக் கல்யாணமானது. மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டு வாசலில்தான் மனைவிக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஒரே மாதத்தில் என்னைவிட நன்றாக ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மலாக்கா ஆற்றை ஒட்டி மேல்நோக்கிப் போவோம். கார் நுழைய முடியாத செம்மண் பாதை. பழைய கல்லறைகளையும் மலாய்க் கிராமமான கம்பத்து வீடுகளையும் தாண்டினால் வயல்வெளி. எங்கள் சக்கரச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவள்தான் முன்னால் போவாள்.

ஒரு நாள் தூரத்தில் என் ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிராணியும் அவர் மனைவியும் நடந்து வந்தார்கள். சைக்கிள் ஓட்டும் பெண்களை அவர் கேலி பேசுவார். "இறங்கு, சீக்கிரம்!" என்றேன். அவள் குழப்பத்தோடு இறங்கினாள்.

"என்னப்பா, வீட்டுக்காரம்மாவும் ஓட்டுமா?" என்றார் அவர்.

"ஐயோ, இல்லைங்க சார். அவளுக்கு ஓட்டவே தெரியாது. சும்மா தள்ளிக்கிட்டு வர்றா."

"இப்பத்தானே பார்த்தேன்? அழகா ஓட்டிக்கிட்டு வந்தாங்களே!" என்றார் அவர் மனைவி.

என் மனைவிதான், "அது நான் இல்லைங்கக்கா" என்றாள். அந்தப் பாதையில் எங்களைத் தவிர வேறு யாருமே இல்லை.

அவர்கள் போனதும், "ஏறு, போகலாம்" என்றேன்.

"எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

வீடுவரை நாலு மைல் தள்ளிக்கொண்டே நடந்தாள். என் சைக்கிளில் ஏறக் கூசி நானும் பின்னால் நடந்தேன். அதன் பிறகு அவள் சைக்கிளைத் தொடவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. அப்போது அவள், "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.