விறகு ரூமில் எட்டுக் கோழி

மெட்ராஸ்ல குளிர்காலம் ஏதுன்னு கேக்கறவங்க கோழி வளர்த்தவங்க இல்லை. ஐப்பசியில மழை புடிச்சுதுன்னா மார்கழி முடியற வரைக்கும் கோழி வச்சிருக்கறவளுக்கு நிம்மதி கிடையாது. கொல்லை சேறாயிடும். தீனியில பூஞ்சணம் பூத்துடும். ராத்திரி ஈரத்துல நின்ன கோழி, காலையில தலையைத் தொங்கப்போட்டு மூக்குல சளி ஒழுக நிக்கும். அதை மடியில அமுக்கி, வாயைப் பொளந்து, பூண்டும் மிளகும் நசுக்கித் தொண்டைக்குள்ள தள்ளணும். நன்றியாவது ஒண்ணாவது, நம்ம கையைத்தான் கொத்தும். என் கை ரெண்டுலயும் தழும்புக்குக் குறைச்சலே இல்லை.

அடையாத்துல, ஆத்தங்கரைப் பக்கம் போற ஒரு சந்துல எங்க வீடு. நான் சொல்றது எழுபதுகளோட தொடக்கம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. வீட்டுல நானும் என் ஒரே பையனும்தான். எனக்கு அறுபத்திரண்டு, அவனுக்கு முப்பத்தெட்டு. கிண்டியில ஒரு ஒர்க்‌ஷாப்புல அவனுக்கு லேத்து வேலை. கல்யாணமே வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னவன். நான் இருபது வருஷமா கோழி வளர்த்தவ. முட்டி ரெண்டும் போயாச்சு. குந்தினா எழுந்திருக்க முடியாது. வாய் மட்டும் நல்லாத்தான் இருந்துது.

முந்தின வருஷ மழையில கொல்லையில வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடிச்சுக்கினேன். அதுல இருந்து பையன் என்னைப் பிச்சுப் புடுங்க ஆரம்பிச்சான்.

"கோழியும் வேணாம், கூண்டும் வேணாம். சைதாப்பேட்டை சந்தையில குடுத்துட்டு வந்துடறேன். நான் வேலைக்குப் போயிட்டா, நீ விழுந்து கெடந்தாக்கூடப் பாக்க யாரு கீறாங்க?"

நல்லதுக்குத்தான் சொன்னான். அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சதாலதான் மூக்கு மேல கோவம் வந்துது. "டேய், இந்த மழைக்காலம் முடிஞ்சு தை பொறக்கறப்ப எட்டும் உசுரோட இருந்தா நீ வாயைத் தொறக்கக்கூடாது. ஒண்ணு செத்தாலும் மீதியை நானே புடிச்சுக் குடுத்துடறேன். பந்தயமா?"ன்னேன்.

"சரிம்மா, பந்தயம்"னு சிரிச்சான். அவனுக்கு விளையாட்டு. எனக்கு இல்லை. அந்த எட்டும் போச்சுன்னா காலையில எழுந்து நான் எதுக்குக் கொல்லைக் கதவைத் தொறக்கணும்? அவன் வேலைக்குப் போனப்புறம் அவ்ளோ பெரிய பகலை வச்சுக்கினு என்ன பண்ணுவேன்?

கார்த்திகையில புயல்னு ரேடியோவுல சொன்னாங்க. சொன்ன மாதிரியே மழை விடாமக் கொட்டுச்சு. கூண்டு இருந்த இடத்துல முழங்கால் தண்ணி. எட்டையும் புடிச்சு விறகு ரூம்ல அடைச்சேன். வெந்நீர் போடறதுக்கு விறகு அடுக்கி வைக்கிற ரூம், மேல தகர ஷீட். நாலு பேர் நெருக்கி நிக்கலாம், அவ்ளோதான். மரத்தூள் பரப்பினேன், சாம்பிராணிப் புகை போட்டேன், கம்பை வறுத்துச் சூடாப் போட்டேன். மூணு நாள் ஒழுங்கா இருந்துதுங்க. ஆனா மண்ணைக் கிளறாத கோழி சும்மா இருக்காது. நாலாம் நாள் ஒண்ணு இன்னொண்ணோட இறகைப் புடுங்கித் தின்னுது. "செருப்பு பிஞ்சிடும்"னு ஒரு அதட்டு போட்டுட்டு வந்துட்டேன்.

ஆறாம் நாள் காலையில பார்த்தா, எட்டுல வெள்ளையா இருந்தது ஒண்ணே ஒண்ணு, லெகான்னு சொல்ற சீமைக் கோழி, அதுக்கு வால் அடியில ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோலே இல்லை. ரத்தம் கசியுது. என்னோட கருப்புப் பெட்டைக்கு அலகு ரத்தத்துல நனைஞ்சு இருந்துது. அது குஞ்சா இருக்கறப்பவே தாயைக் கீரி தூக்கிக்கினு போயிடுச்சு. சோத்தை மென்னு என் வாயால ஊட்டி வளர்த்தது அது. எங்க போனாலும் என் கால்கிட்டயே சுத்தும்.

வேலைக்குக் கெளம்பின பையன் எட்டிப் பார்த்தான். "வெள்ளையைத் தனியா எடுத்துடும்மா. சமையல்கட்டுல கூடையைப் போட்டுக் கவுத்து வெச்சுடறேன், இன்னா?"

"இருபது வருஷமா வளக்கறவளுக்கு நீ சொல்லித் தரியா? போய் உன் இரும்பைக் கடை, போ"ன்னேன். போயிட்டான்.

அப்புறம் பெரிய டாக்டர் மாதிரி அலமாரியில இருந்த சிவப்பு மருந்தை எடுத்தேன். குழந்தை முட்டியைச் சிராய்ச்சுக்கினு வந்தா எல்லார் வீட்டுலயும் அதைத்தானே போடுவோம்? பஞ்சுல தோய்ச்சுக் காயத்துலயும் சுத்தியும் தாராளமாத் தடவினேன். பல நாள் கழிச்சு மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னப்ப அவர் தலையில அடிச்சுக்கினார். "இன்னாம்மா நீ! செவப்பைப் பார்த்தா கோழி வுடுமா? எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து அங்கயே கொத்துமே! வேப்பெண்ணெயில கரியைக் கொழச்சுத் தடவறதுக்கு இன்னா?" அது தெரியாம, வெள்ளைக் கோழிக்குப் பின்னாடி சிவப்பா வட்டம் போட்டு, அதை அந்த ரூமுக்குள்ள நானே விட்டு, தாழ்ப்பாளும் போட்டுட்டு வந்தேன்.

தகரத்து மேல மழை அடிச்ச அடியில எனக்கு ஒண்ணும் கேக்கலை. சாயங்காலம் தீனி எடுத்துக்கினு போய்க் கதவைத் தொறந்தேன்.

வெள்ளை மூலையில, விறகு இடுக்குல தலையை நுழைச்சுக்கினு கெடந்துது. பின்பக்கமே இல்லை. ரெண்டு கோழிங்க அது குடலை வெளிய இழுத்து ஆளுக்கொரு பக்கமாப் புடிச்சு இழுக்குதுங்க. செவுரெல்லாம் ரத்தம். இன்னும் உசுரு இருந்துது, கண்ணை மூடி மூடித் தொறந்துது. கருப்பு அது முதுகு மேல ஏறி நின்னு, கம்பு பொறுக்கற மாதிரி நிதானமாக் கொத்திக்கினு இருந்துது. என்னைப் பார்த்ததும் இறங்கி, எப்பவும் போல என் கால்கிட்ட வந்து நின்னுது. மூஞ்சி பூரா ரத்தம்.

"அடிப் பாவி, கொலைகாரி!"

கையில கெடைச்ச சவுக்குக் கட்டையை எடுத்தேன். குனிய முடியாதவளுக்கு அன்னிக்கு ஒரு முட்டியும் வலிக்கலை. முதல் அடியிலயே கருப்பு விழுந்துடுச்சு. அதோட விட்டிருக்கலாம், விடலை. "மென்னு ஊட்டினேனேடி, மென்னு ஊட்டினேனேடி"ன்னு கத்திக்கினே அடிச்சேன். அது எப்பவோ செத்துப்போச்சு, நான் மரத்தூளை அடிச்சுக்கினு இருந்தேன். மத்ததெல்லாம் விறகு மேல ஏறி அலறுதுங்க. வெள்ளையையும் ஒரே போடுல முடிச்சேன், அது பட்ட வேதனைக்கு அது நல்லதுதான். இப்ப மறைச்சு என்ன ஆவப்போவுது, அடிக்கறப்ப எனக்கு சுகமா இருந்துது.

"அம்மா!"

பையன். வேலை விட்டு வந்தவன் சத்தம் கேட்டு நனைஞ்சுக்கினே கொல்லைக்கு ஓடி வந்திருக்கான். கட்டையை ஓங்கின கையோட திரும்பினேன்.

சட்டுனு ரெண்டு கையையும் தூக்கித் தலையை மூடிக்கினு, தோளைக் குறுக்கிக் கதவோட ஒட்டிட்டான்.

என்னைவிட ஒரு முழம் உசரம். இரும்பைத் தூக்கித் தூக்கிக் காப்புக் காய்ச்ச கை. முழங்கை ஒண்ணு மூஞ்சிக்கு முன்னால, உள்ளங்கை ஒண்ணு உச்சந்தலை மேல. அஞ்சு வயசுல அப்படித்தான் நிப்பான். பத்து வயசுலயும் அப்படித்தான். சிலேட்டை ஒடைச்சதுக்கு, பாலைக் கொட்டினதுக்கு. பாதி நாள் எதுக்குன்னே கிடையாது, எனக்குக் கோவம் வந்துது, அவன் பக்கத்துல இருந்தான். கரண்டி, விசிறிக் காம்பு, விறகு, எது கைக்கு வந்துதோ அது. அக்கம்பக்கத்துல யாராவது கேட்டா "கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாவுமா?"ன்னு வாயை அடைச்சிடுவேன். அதெல்லாம் எனக்கு மறந்தே போச்சு. அவன் மறக்கலை.

அவனுக்கே வெக்கமாப் போச்சு போல. மெதுவாக் கையை இறக்கினான். "ஒண்ணும் இல்லம்மா"ன்னான். அப்புறம் கீழ பார்த்துட்டு, "ரெண்டு போச்சா?"ன்னான்.

"போச்சு. நீ ஜெயிச்சுட்ட. நாளைக்கு மீதியை சந்தைக்கு எடுத்துக்கினு போ."

"பரவால்லம்மா. ஆறு கீதில்ல, நீயே வெச்சுக்கோ. நான் இனிமே கேக்கவே மாட்டேன்."

ஒரு வருஷமா நான் சண்டை போட்டுக் கேட்டது கைக்கு வந்தாச்சு. "உள்ள போய்த் தலையைத் துவட்டுடா, சளி புடிக்கும்"னேன்.

தலையை ஆட்டினான், ஆனா நகரலை. நின்ன இடத்துலயே நின்னு என் கையைப் பார்த்துக்கினு இருந்தான். நான் கட்டையைக் கீழ போட்டேன். அதுக்கப்புறம்தான் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உள்ள போனான்.