தப்பான கேட்டில் தடவிய எண்ணெய்

சபையாருக்கும் போதகர் ஐயருக்கும் என் வணக்கம். எனக்குப் படிப்பு இல்லை. நம்பர் தெரியும், பஸ் போர்டில் ஊர் பேர் புரியும், அவ்வளவுதான். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன். நடுவில் எங்கேயாவது போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்துவிடுவேன்.

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கின வாரம். என் மனைவி ரெபேக்கா அடுப்பங்கரையில் டம்ளரைத் தேடினாள். அது அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தேடித் தேடிக் கடைசியில் தட்டிவிட்டாள். உருண்டு போன சத்தம் கேட்டு நான் ஓடினேன். "ஒண்ணும் இல்ல, கை தவறிச்சி," என்றாள். கை தவறவில்லை. கண் தவறியது. எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

கண்ணுக்குள் அழுத்தம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருமாம். போனது திரும்பாது, இருப்பதும் எத்தனை நாளோ தெரியாது என்றார்கள். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார்கள், அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. "அவங்க கடைசி வரைக்கும் எங்க இருக்கப் போறாங்களோ, அங்க இப்பவே போயிடுங்க. வெளிச்சம் இருக்கும்போதே தெருவப் பழகிக்கட்டும்."

எங்கே போவது? எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை கேன்டீனில் டீ போட்டே என் காலம் போயிற்று. பெரிய பாய்லர், அதில் டீத்தூள் கொட்டும்போது எழும்புகிற வாசனை இருக்கிறதே, இப்போதும் மழை நாளில் மூக்குக்கு வருகிறது. குவார்ட்டர்ஸில் இருந்தவரை வீட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. ரெபேக்கா சாயங்காலம் பருத்திப்பட்டு ஏரி வரைக்கும் தனியாக நடந்து போய் வருவாள். அவள் நடக்கிறவள். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டார் வண்டி அனுப்பியும், கோயிலுக்கு நடந்தே வந்த பெண் அவள். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸை விட்டோம். அதிலிருந்து வாடகை வீடுதான். ஒவ்வொரு வீட்டிலும் அவள் வாசற்படியிலிருந்து புதிதாகப் படிக்க வேண்டும். கடைசியாக இருந்தது பூந்தமல்லி மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், லாரி போகிற சந்து. அந்த வீட்டுக்காரரும் மகனுக்குக் கல்யாணம், காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார்.

என் மகன் ஸ்டீபன் நல்ல பிள்ளை. குத்தம்பாக்கம் பக்கம் அபார்ட்மென்டில் ஒன்பதாவது மாடியில் வாங்கியிருக்கிறான். "நைனா, பேசாம எங்கூட வந்துடுங்க. அம்மாவுக்கு ஏசி ரூம் கீது," என்றான். ஒருநாள் போய்ப் பார்த்தோம். வசதிதான். ஆனால் கீழே இறங்கினால் நடக்க ஒன்றும் இல்லை. பால் வாங்கவும் வண்டி எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் ரெபேக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, அங்க போனா நான் கட்டில்லயே ஒக்காந்துக்குனு செத்துடுவேன்."

அன்றைக்கு அழுதேன். பஸ்ஸில்தான், ஜன்னல் பக்கம் திரும்பி. ஆண்டவரே, பெரிய வீடு கேட்கவில்லை, இவள் தானாக நடந்து போய்த் தானாக நடந்து திரும்புகிற ஒரு வாசலைக் கொடும் என்று கேட்டேன்.

கையில் இருந்த பணத்தைச் சொன்னபோது வீட்டு புரோக்கர் சிரித்தார். "பெரிசு, இதுக்கு மனைதான் வரும், அதுவும் தண்ணியில கீற மனை." நான் போகிற நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். பூந்தமல்லி பழைய ஊருக்குள்ளே, கிணற்றுத் தெருவில், பதினாலாம் நம்பர். சின்ன ஓட்டு வீடு. உள்ளே குடித்தனம் இருக்கிறது, இப்போது தொந்தரவு பண்ண வேண்டாம், வெளியே நின்று பார்த்துவிட்டு வா என்றார்.

போனேன். நீலத் தகட்டில் பதினாலு. பழைய இரும்பு கேட். அந்தத் தெரு எனக்கு உடனே பிடித்துவிட்டது. மாவு மெஷின் ஒரு பக்கம், திரும்பினால் மீன் விற்கிற இடம், அதைத் தாண்டினால் பள்ளிவாசல், அந்தண்டை இந்த நம் கோயில். எல்லாம் நடக்கிற தூரம்.

வேதத்தில் ஜனங்கள் ஏழு நாள் பட்டணத்தைச் சுற்றி வந்து மதில் விழுந்த கதையை ரெபேக்கா எத்தனையோ தடவை எனக்கு வாசித்திருக்கிறாள். நாமும் ஏழு நாள் சுற்றுவோம் என்றேன். வரிசை வீடுகள், ஒரு வீட்டை மட்டும் சுற்ற முடியாது. அதனால் நாலு தெருவைச் சேர்த்துச் சுற்றினோம். விடிகிற நேரத்தில், மெட்ரோ தூணுக்குக் கீழே ரோட்டைக் கடந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். முடிவில் அந்த கேட்டைக் கொஞ்சம் தள்ளித் திறந்து, கம்பியில் எண்ணெய் தடவி, முணுமுணுத்து ஜெபம் பண்ணுவோம். ஒலிவ எண்ணெய் நம் வீட்டில் ஏது? நல்லெண்ணெயையே ஜெபித்து எடுத்துப் போனேன்.

மூன்றாம் நாளே ரெபேக்கா மாவு மெஷினுக்கு முன்னாலேயே சொன்னாள்: "இப்ப திரும்பணும். மொளகா அரைச்ச நெடி வருது பாருங்க." அப்புறம் கொஞ்ச தூரம் போய், "இந்தத் தெரு என் காலுக்குப் புரியுதுங்க," என்றாள்.

ஏழாம் நாள். எண்ணெய் தடவப் போகிறேன், கதவு திறந்தது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு அம்மா, கையில் துடைப்பம்.

"யோவ்! தெனிக்கும் வந்து என் ஊட்டு கேட்டுல இன்னாய்யா தடவிகினு போற? சூனியமா வைக்கிற?"

"ஐயய்யோ இல்லம்மா, எண்ணெதாம்மா. ஜெபம் பண்ண எண்ணெ."

"எண்ணெயா! நானும் சோப்பு போட்டுத் தேச்சிகினு கீறேன், போவ மாட்டேங்குது!"

"நல்லெண்ணெ அக்கா, அதான் போவல," என்றாள் ரெபேக்கா. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, இங்கே என்ன ஜெபம் என்று கேட்டார்கள்.

"விக்கிற ஊடுன்னு சொன்னாங்கம்மா. பதினாலாம் நம்பர்."

அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்கள். "அது பழைய பதினாலுய்யா. தெருக்கோடில, வேப்பமரத்தாண்ட. நேத்தே அட்வான்ஸ் குடுத்து முடிஞ்சிடுச்சி. இது புது பதினாலு."

பழைய நம்பர், புது நம்பர் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு இருப்பது தெரியாத ஆளா நான்? தெரியும். ஆனால் கேட்கத் தோன்றவில்லை. ஏழு நாளும் யாரோ ஒருவருடைய கேட்டில் எண்ணெய் தடவியிருக்கிறேன், கேட்ட வீடு கைவிட்டுப் போய்விட்டது. ரெபேக்கா படியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தண்ணீர் கேட்டாள்.

அந்த அம்மா பேர் மும்தாஜ். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ரெபேக்கா டம்ளருக்காகக் காற்றில் கை நீட்டியதைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறிவிட்டது. கண்ணைப் பற்றிக் கேட்டார்கள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அப்புறம் கேட்டார்கள்:

"நீங்க தெனிக்கும் பள்ளிவாசல்ல பாங்கு முடிஞ்ச கொஞ்ச நேரத்துல வருவீங்க, இல்ல?"

"ஆமாம்மா."

"எங்க ஊட்டுக்காரர் மௌத்தாயிட்டாரு, நான் ஒண்டியா கீறேன். வாணியம்பாடில கீற என் பொண்ணு கூப்புட்டுகினே கீது. இத விக்கணும்னு ஒரு ஆளுகிட்டகூட நான் வாயத் தொறக்கல. தொறந்தா புரோக்கருங்க வந்துடுவானுங்க, இடிச்சி மாடி மாடியா கட்டுவானுங்க. அல்லாகிட்ட மட்டும்தான் கேட்டேன். போன்ல வர்ற ஆள் வேணாம், கார்ல வர்ற ஆள் வேணாம். இதுல குடி இருக்கிற ஆளா, வாசலுக்கு நடந்து வர்ற ஆளா அனுப்புன்னு. நான் துவா முடிக்கிறப்ப, வெளிய கேட்டு கிறீச்சுங்கும். ஒவ்வொரு நாளும். நான் திருடன்னுல்ல நெனச்சேன்!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. நாங்கள் வெளியே நின்று கேட்டோம். அவர்கள் உள்ளே உட்கார்ந்து கேட்டார்கள். நடுவில் ஒரு கேட். நான் சரியான நம்பருக்குப் போயிருந்தால்? ரெபேக்கா அந்த அம்மா கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையில் இருந்ததைச் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. தன்னால் ஆன மட்டும் விலையில் இறங்கினார்கள். அப்படியும் எங்கள் பணம் போதவில்லை. ஸ்டீபனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவன் கோபத்தோடுதான் வீட்டைப் பார்க்க வந்தான். "ஒழுகற ஓட்டு ஊட்டுக்கா இவ்ளோ பாடு?" என்றான். ரெபேக்கா அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். நான் போகவில்லை. வெகுநேரம் கழித்து வந்தார்கள், அவன் கையில் மீன் பை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் அம்மாவக் கூட்டிகினு போறேன்னு நெனச்சேன் நைனா. அம்மாதான் என்னக் கூட்டிகினு போச்சி. எந்தக் கடையில யார் கீறாங்கன்னு சொல்லிகினே வருது." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மீதிய நான் பாத்துக்கறேன்," என்றான்.

ஈஸ்டர் முடிந்து பத்திரம் ஆயிற்று. அந்த வருஷம் முழுக்க ரெபேக்கா நடந்தாள். முதலில் என்னோடு, பிறகு நான் பத்தடி பின்னால், பிறகு தனியாக. கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் நாட்களில் மிச்சம் இருந்த வெளிச்சமும் போயிற்று. கண் கொடும் என்றும் நான் கேட்டேன், மறைக்கவில்லை. அது கிடைக்கவில்லை. ஆனால் இன்று காலை நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் இங்கே கோயிலுக்கு வந்து பார்த்தால் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்களே பார்க்கிறீர்கள்.

சிலர் என்னைத் தனியாகக் கேட்டார்கள், அண்ணே, அந்த அம்மா துவாவையும் சேர்த்துச் சாட்சி சொல்லுகிறீர்களே என்று. எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. கேட்டுக்கு இரண்டு பக்கம் இருந்தது தெரியும். இரண்டு பக்கமும் கேட்கப்பட்டது தெரியும்.

வீடில்லாமல், வழி தெரியாமல் யாராவது இங்கே உட்கார்ந்திருந்தால், உங்களுக்குச் சொல்லுகிறேன். போய் நில்லுங்கள். நம்பர் தப்பாக இருந்தாலும் நில்லுங்கள். பழைய நம்பரும் புது நம்பரும் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்.

மும்தாஜ் அம்மா அடிக்கடி போன் பண்ணுவார்கள். "இன்னாய்யா, இன்னும் எண்ணெ தடவுறியா?" என்பார்கள். போன வாரம் கேட்டின் கீலுக்கு நிஜமாகவே எண்ணெய் விடப் போனேன், அவ்வளவு கிறீச்சிடுகிறது. ரெபேக்கா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

"அத வுடுங்க. அந்தச் சத்தம் அப்படியே இருக்கட்டும்."

விட்டுவிட்டேன்.