மேல் கோடு, கீழ்க் கம்பி

பக்கத்து வீட்டில் யாரோ கிட்டார் பழகுகிறார்கள். ஒரே வரி, ஒரே தப்பு. எரிச்சலோடு ஜன்னலைச் சாத்தப் போன எனக்கு மகள் ஜெனியின் பத்தாம் வகுப்பு வருடம் நினைவுக்கு வந்தது.

ஊரெல்லாம் பேசிய கிட்டார் விளையாட்டு ஒன்றை அவளுக்காக மதுரையில் வாங்கிவந்தேன். பிளாஸ்டிக் கிட்டாரில் ஐந்து பொத்தான்கள். அமுக்கினால் பாட்டு தானே ஓடும்.

"இதுல கம்பியே இல்லப்பா" என்று மூலையில் போட்டாள்.

பிறகு சர்ச்சிலிருந்து நிஜக் கிட்டாரை இரவல் வாங்கினாள். பிரவுசிங் சென்டரில் ஒரு பாட்டைக் கிட்டாரில் வாசிக்க வழிகாட்டும் 'டேப்' தாளை எடுத்துவந்தாள். ஆறு கம்பிக்கு ஆறு கோடு, எங்கே அழுத்த வேண்டும் என்று கோடுகளின் மேல் எண்கள். நான் இயற்பியல் பேராசிரியர், கிட்டாரைத் தொட்டதில்லை.

"மேல் கோடுன்னா மேல் கம்பி. இதுல என்ன சந்தேகம்?" என்றேன்.

"பாட்டு மாதிரியே வரலியேப்பா."

"தாள் சரிதான். உன் காதுதான் சரியில்ல."

"புள்ளைக்கு விரலு புண்ணாப் போச்சு. தெரிஞ்சவுகள கேட்டா கொறஞ்சா போவீக?" என்றாள் என் மனைவி. நான் கேட்கவில்லை.

ஜெனி ஓய்ந்துபோனாள். கிட்டாரை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். சர்ச்சில் வாசிப்பவர், கூடவே இருந்த தாளை நாங்கள் படித்த விதத்தைக் கேட்டுச் சிரித்தார். "தலைகீழால்ல படிச்சிருக்கீக சார். மேல் கோடுதான் கீழ்க் கம்பி."

வீட்டுக்கு வந்து வாயே திறக்கவில்லை. பேராசிரியர் அல்லவா.

இன்று ஜெனிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அவள் தன் மகளைப் பற்றிச் சொன்னாள்.

"போன வாரந்தான் பாப்பா பாட்டு கிளாஸ் கேட்டா. நம்ம குடும்பத்துக்கே காது கெடையாதுடின்னு சொல்லிட்டேனேப்பா."